சலுகைப் பிரயாணம் கொள்ளத்தக்கதோ?

வெளிப்படையாகத் தீயதென்று தெரிந்த ஒன்றை விலக்குதல் அத்துணை அரிதன்று. நன்மையும் தீமையும் ஒரே பொதியிற் கட்டப்பட்டு, அப்பொதியும் குறைந்த விலைக்குத் தரப்படுமாயின், அதனைக் கொள்வதா தள்ளுவதா என்னும் வினாவே கற்றறிந்தாரையும் மயக்குவதாகும். அத்தகைய வினாவொன்று சென்ற ஆண்டு என் வீட்டு வாயிலுக்கு வந்தது. அதனை யான் ஆராய்ந்தவாற்றையும், துணிந்தவாற்றையும், துணிந்தபின் நாணியவாற்றையும் உபாத்தியாய நண்பர்கள்முன் வைக்க விரும்புகின்றேன். என் துணிபிற் பிழையுளதேல் அவர்கள் எடுத்துக்காட்டுவார்களாக.

என்னோடு இருபது ஆண்டு ஒரே வித்தியாசாலையிற் படிப்பித்து, உப அதிபராயிருந்து இளைப்பாறிய கனவான் ஒருவர் என் அயலிலே வாழ்கின்றார். அவர்தம் மருமகர் சிங்கப்பூரிலே நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். இடையிடையே மக்காவோ சென்று சூதாடும் பழக்கமும் உடையவர். அங்குள்ள கசினோ ஒன்றுக்கு ஆட்களைச் சேர்த்தனுப்பும் முகவர் ஒருவர் அவருக்கு ஓர் அழைப்பு விடுத்தார். துணைக்கு இருவரை உடன்கொண்டு வரின், அவ்விருவருக்கும் விமானச் செலவு, மூன்று இராத் தங்கும் அறை, உணவு யாவும் மூன்றிலொரு பங்கு குறைத்துத் தரப்படும் என்பதும், வருவோர் ஒவ்வொருவர் பெயராலும் ஒரு தொகை முன்வைக்கப்பட்டு, அத்தொகை ஆட்ட வில்லைகளாக மாற்றப்பட்டு, குறித்த மணி நேரம் மேசையில் ஆடப்படல் வேண்டும் என்பதும் அவ்வழைப்பின் சாரம். மருமகர் தம் மாமனாருக்கு, “மாமா, நீங்கள் ஆடவேண்டாம். உங்கள் இருவர் பங்கையும் நானே ஆடிவிடுகிறேன். நீங்கள் ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று எழுதினார். நண்பர் அக்கடிதத்தோடு என்னிடம் வந்து, தமக்குத் துணையாக வரும்படி கேட்டார்.

யான் உடனே மறுத்தேனல்லேன். உள்ளதை ஒளியாது கூறின், என் மனம் அன்றிரவே மக்காவோ சென்றுவிட்டது. யான் பயின்றது மிஷன் பாடசாலை. பறங்கியர் 1557இல் சீனக் கரையிலே மக்காவோவிற் குடியேறியதையும், 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதையும் அங்கே படித்து, பின்னர் அவற்றையே இத்தனை ஆண்டும் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகின்றேன். 1835இல் தீக்கிரையாகி முகப்பு மாத்திரம் எஞ்சி நிற்கும் புனித பவுல் தேவாலயத்தையும், 2005இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட பழைய வீதிகளையும், ஹொங்கொங்கிலிருந்து கடலின்மேற் செல்லும், 2018இல் திறக்கப்பட்ட நெடும்பாலத்தையும் ஒருமுறை கண்ணாற் காணவேண்டும் என்னும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. உபாத்தியாயர் சம்பளத்தில் அஃது எளிதில் இயலுவதன்று. சலுகையோடாயின் சேமிப்பைத் திரட்டி ஒருவாறு சென்று வரலாம். ஆதலின் நண்பருக்கு ஒரு கிழமை மறுமொழி கூறாதிருந்தேன். அக்கிழமை முழுவதும் என் அறிவு என் ஆசைக்கு நியாயவாதியாகவே தொழில் செய்தது.

முதற்கண் இச்சலுகை யாது என்பதை அறிதல் வேண்டும். சூதாடு மண்டபத்தார் தம் விருந்தினருக்குத் தருவது கண்மூடித் தரும் கொடையன்று. ஒருவர் ஒரு முறைக்குச் சராசரியாக எவ்வளவு பந்தயம் வைப்பார், மணிக்கு எத்தனை முறை ஆடுவார், எத்தனை மணி நேரம் இருப்பார், அவ்வாட்டத்தில் மண்டபத்துக்குரிய ஆதாயம் நூற்றுக்கு எவ்வளவு என்னும் நான்கையும் பெருக்கி, அவரிடமிருந்து எதிர்பார்க்கத்தக்க வரவை முன்னரே கணிக்கின்றனர். அவ்வரவில் ஒரு பகுதியே அறையாகவும் உணவாகவும் விமானச் சீட்டாகவும் திரும்பி வருகின்றது. வெறிதே கிடக்கும் அறையொன்றை நிரப்புவதால் அவர்க்கு நேரும் செலவு சிறிது. விருந்தினர் கண்ணுக்கோ அதன் முழு வாடகையும் சலுகையாகத் தோன்றும். அன்றியும், முகவர் வழியாக வருவோர்க்குத் தரப்படும் வில்லைகள் பெரும்பாலும் நேரே பணமாக மாற்றவொண்ணாதவை. அவற்றைப் பந்தயமாக வைத்து வென்றால், வென்ற பங்கே மாற்றத்தக்க வில்லையாகக் கைக்கு வரும். ஆடுவேன் என்னும் வாக்குறுதி அவ்வில்லையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது எனலாம்.

கணக்கைச் சிறிது செய்து பார்ப்போம். ரூலெற் என்னும் சக்கரத்திலே பூச்சியம் முதல் 36 வரை 37 குழிகள் உள. ஓரெண்ணின்மேல் ஒரு ரூபா வைத்து வென்றவனுக்கு, அவன் வைத்த ரூபாவோடு இன்னும் 35 ரூபா கொடுக்கப்படும். ஆகவே எல்லாக் குழிகளின்மேலும் ஒவ்வொரு ரூபா வைப்பவன் 37 கொடுத்து 36 பெறுவான். மண்டபத்தின் ஆதாயம் 37இல் ஒன்று. நூற்றுக்கு ஏறக்குறைய 2.70. இரட்டைப் பூச்சியமும் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் அது 5.26 ஆகும். எடுத்துக்காட்டாக, ஒருவர் முறைக்குப் பதினாயிரம் ரூபாவாக, மணிக்கு 40 முறை, மூன்று நாளிலும் பத்து மணி நேரம் பூச்சியம் ஒன்றுள்ள சக்கரத்தில் ஆடுவாராயின், 400 முறையில் அவர் வைத்த பந்தயத் தொகை 40 இலட்சம். அதில் 37இல் ஒரு பங்கு ஏறக்குறைய 108,000 ரூபா. மண்டபத்தார் அதிலிருந்து 40,000 ரூபாவைச் சலுகையாகக் கொடுப்பினும் 68,000 ரூபா அவர்பால் எஞ்சும். தனியொருவர் வெல்லலாம்; மற்றொருவர் இதன் பன்மடங்கு தோற்கலாம். பல்லாயிரவர் கூடி ஆடுமிடத்துச் சராசரி பிசகுவதில்லை. 1654இல் பஸ்கால், பேர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் சூதாட்டம் பற்றிய வினாவொன்றை விடுவித்து எழுதிய கடிதங்களே நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிகோலின. அக்கணிதத்தின்மேல் மண்டபத்தார் நிற்கின்றனர். தத்தம் நம்பிக்கையின்மேல் ஆடுவோர் நிற்கின்றனர். வென்றவர் ஊருக்கு வந்து தம் வெற்றியைச் சொல்வர். தோற்றவர் வாய் திறவார். ஊரார் கேட்பது ஒருபக்கக் கதையே.

அற்றேல், ஆடாதிருப்பவனுக்கு இக்கணக்கு எற்றுக்கு? ஆடாது சலுகையை மாத்திரம் கொண்டு வருவானாயின் தோற்றவர் மண்டபத்தாரேயன்றோ எனின், என் மனமும் அவ்வாறே வாதாடியது. ஆயின் இவ்வாதம் மூன்று வழிகளுள் ஒன்றாலேயே நிலைபெறல் வேண்டும். ஆடும் எண்ணத்தோடு சலுகையைக் கொண்டால் யான் சூதாடுபவனே. அதுபற்றி வேறு வினாவில்லை. ஆடாதிருக்கும் எண்ணத்தோடு கொண்டால், ஆடுவேன் என்று நம்பிக் கொடுத்தவரை ஏமாற்றியவனாவேன். கொடுத்தவர் தொழில் நல்லதன்று என்பது என் ஏமாற்றை அறமாக்கமாட்டாது. என் பங்கைப் பிறரொருவர் ஆடிவிடுவார் எனின், அவர் யார்? என் நண்பரின் மருமகர். முன்னரே ஆட்டத்திற் பழகிய அவர், தம் பங்கோடு எங்கள் பங்கையும் சேர்த்து மூவர் ஆட்டத்தை ஒருவராக ஆடல் வேண்டும். யாம் பழைய வீதிகளையும் கற்சுவர்களையும் பார்த்து நிற்கும் நேரமெல்லாம் அவர் எங்கள் அறை வாடகையை மேசையிலே தம் பணத்தாற் கட்டிக்கொண்டிருப்பார். அப்பணம் நண்பரின் மகளுடைய வீட்டுப் பணம். பேரப்பிள்ளைகளின் படிப்புப் பணம். தம் மகள் வீட்டு அடுக்களையிலிருந்து எடுத்த பணத்தால் ஒரு தந்தை ஊர் பார்க்கச் செல்வாரா? நேரே கேட்பின் எவரும் செல்லார். சலுகை என்னும் பெயரை இடையில் நிறுத்தியவுடன் அது கண்ணுக்குத் தோன்றாது மறைந்துவிடுகின்றது.

தோற்போர் தம் விருப்பத்தினாலன்றோ தோற்கின்றனர், அவரை எவரும் வற்புறுத்தினாரல்லரே என்பாருமுளர். விருப்பம் என்பது ஆடத் தொடங்கும்போது உள்ளது. நிறுத்த முயலும்போது அஃது உள்ளதோ என்பதே ஐயம். மக்காவோவின் வரலாறு இதற்குச் சான்று. அங்கே 1962 முதல் ஒரே நிறுவனத்துக்கிருந்த தனியுரிமை 2002இல் நீங்கிற்று. 2013இற் சூதாட்ட வரவு 36,000 கோடி படாக்காவாக உயர்ந்தது. அவ்வரவின் மூன்றில் இரு பங்களவு முகவர்கள் அழைத்து வந்த பெருஞ்செல்வர் அறைகளிலிருந்து வந்ததாகும். முகவர் வேலை அழைத்து வருவதோடு முடிந்ததன்று. கைப்பணம் தீர்ந்தவருக்குக் கடன் கொடுத்தலும், சூதாட்டக் கடனைச் சீனப் பெருநிலத்து நீதிமன்றங்களில் வழக்கிட்டுப் பெறமுடியாமையால் அதனை வேறு வழிகளால் வசூலித்தலும் அவர் தொழிலாயிருந்தன. முகவருள் தலைசிறந்து விளங்கியவர் 2021 நவம்பரிற் கைதாகி, 2023 சனவரியிற் பதினெட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2022இற் புதுச்சட்டங்கள் முகவர் தொழிலை இறுக்கிக் கட்டின. தன் விருப்பத்தாலேயே தோற்பவனுக்குக் கடன்கொடுக்க ஒருவரும், கடனைப் பிடுங்க ஒருவரும் எதற்காக?

இனி, விருந்தழைப்போர் தம் வீட்டாரை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. மக்காவோ அரசின் திறைசேரி பெரும்பாலும் சூதாட்ட வரியினால் நிரம்புவது. அவ்வரசு தன் ஊழியரைச் சீனப் புத்தாண்டின் முதன் மூன்று நாள் ஒழிந்த மற்றை நாள்களிற் கசினோவுக்குள் ஆடப் புகவிடுவதில்லை. மொனாக்கோ நாட்டிற் கசினோ பெயர்பெற்றது. அந்நாட்டுக் குடிமக்கள் அங்கே ஆடலாகாது. சிங்கப்பூர் 2010இற் கசினோக்களைத் திறந்தபோது தன் குடிமக்களும் நிரந்தர வாசிகளும் ஒருநாட் புகுவதற்கு 100 டொலர் கட்டுமாறு விதித்து, 2019இல் அதனை 150 ஆக உயர்த்தியது. பிறநாட்டார்க்கு அவ்விறுப்பு இல்லை. தன் பிள்ளைக்கு ஊட்டாத பண்டத்தை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் குறைந்த விலையில் ஊட்டுபவரை யாம் என்னென்று சொல்வோம்?

பாரதக் கதையை நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். தருமர் தாமாகச் சூது தேடிச் சென்றாரல்லர், அழைக்கப்பட்டுச் சென்றார். அழகிய மண்டபமொன்று அதற்கென்றே கட்டப்பட்டது. அழைப்பைக் கொண்டுசென்றவர் சகுனியல்லர். நல்லவரென்று யாவரும் நம்பும் விதுரர். தீமை வரும் என்று அறிந்தும் அரசன் ஏவலால் அவர் சென்றார். அழைப்பு அன்புடையார் கையால் வரும்போதே மறுத்தல் அரிதாகின்றது. வியாச பாரதத்திலே இன்னுமொன்றுண்டு. முதலாட்டத்தில் இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்தபின்னரும், இரண்டாவது அழைப்பு வந்தபோது தருமர் மீண்டும் சென்றார். முதலழைப்புக்கு உடன்பட்டவன் இரண்டாமழைப்பை மறுக்கும் வலியை இழந்துவிடுகின்றான் என்பதன்றோ இதன் கருத்து?

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் 94ஆவதாக, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தார். அவ்வதிகாரம் தோல்வியை அஞ்சித் தொடங்கவில்லை. வெற்றியை அஞ்சித் தொடங்குகின்றது. மிஷன் பாடசாலையிலே சூது பாவமென்று எமக்குப் படிப்பித்தார்கள். தோற்பதனால் வறுமை வரும் என்பதே அங்கே யான் விளங்கிக்கொண்ட காரணம். வெற்றியே கேடு என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. இச்சலுகைக் கடிதத்தைக் கையில் வைத்திருந்த கிழமையிலே விளங்கிற்று. சலுகை என்பது ஆடுமுன்னரே தரப்படும் வெற்றி. அதனைக் கொண்டவன் ஒரு வில்லையையும் தொடாமலே ஆட்டத்திற் புகுந்துவிட்டான். அங்குச் சென்றும் ஆடேன் என்று அவன் தன் மனவுறுதியைப் பந்தயம் வைக்கின்றான். மண்டபத்தார் ஆடுவாய் என்று அறையையும் உணவையும் எதிர்ப்பந்தயம் வைக்கின்றனர். அவர் அவ்வாறு வந்த பல்லாயிரம் பேரைக் கண்டு கணக்கு வைத்திருப்பவர். அவனோ தன் ஒருவனை மாத்திரம் அறிந்தவன், அவ்வறிவும் நிறைந்ததன்று. ஆதலின் சலுகையை ஏற்றலே முதற் பந்தயம் என்பது என் துணிபு.

இவ்வளவு நுணுகி நோக்கின் உலகில் வாழ்தலே இயலாது என்று ஒரு தடை எழலாம். முழு விலை கொடுத்து மக்காவோ சென்றாலும், அவ்வூர் வீதியும் பாலமும் சூதாட்ட வரியால் அமைந்தனவே. நம் நாட்டிலும் அரசாங்க உபாத்தியாயர் சம்பளத்தில் மதுவரியும் சூதாட்ட வரியும் கலந்தே உள்ளன. அஃதுண்மை. ஆயினும் பொதுக்குளத்து நீரிலே யார் வீட்டு அழுக்கும் கலந்திருக்கலாம். அதனால் நீரருந்துவோன் அழுக்கனாகான். ஒருவர் தம் காரியம் கருதி, என் பெயர் குறித்து, என் கையில் வார்க்கும் நீர் அத்தகையதன்று. எவர்க்கும் பொதுவாய் வந்து சேர்வதற்கும், ஒரு நோக்கம்பற்றி என்னைத் தேடி வருவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதிற் கலந்த குற்றத்தைக் குறைக்க முயல்வது நம் கடன். பின்னதை மறுப்பது நம் கையிலேயே உள்ளது. ஆகவே முழு விலைக்குச் செல்லல் ஆகும். சலுகைக்குச் செல்லல் ஆகாது.

இவ்வாறு துணிந்து நண்பருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். மருமகரைக் குறித்து எழுதிய பகுதியை மும்முறை மாற்றினேன். அவர் மனம் நோகுமோ என்று அஞ்சினேன். அடுத்தடுத்த வீடாயிருந்தும் இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை வந்தார். “நீங்கள் எழுதியது சரி. யான் போகவில்லை. மகளோடும் பேசினேன், அவள் அழுதாள். முன்னரே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டேன்” என்றார். அதன்பின் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து என்முன் வைத்து, “அப்படியானால் இது என்ன?” என்று வினாவினார்.

அது எங்கள் பாடசாலைக் கட்டட நிதிக்காக அச்சிட்ட அதிட்டச் சீட்டுப் புத்தகம். முதற் பரிசு ஒரு துவிச்சக்கர வண்டி. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதனை முன்மொழிந்தவன் யான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அப்புத்தகங்களோடு வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்றைத்தான் என் நண்பரின் அயல்வீட்டுச் சிறுமி அவருக்கு விற்க முயன்று, முடியாமல் அவரிடமே ஒப்படைத்துச் சென்றாள்.

இது நற்கருமத்துக்கு, தொகையும் சிறிது, எவரும் இதனாற் குடிகெடார் என்று சொல்ல நினைத்தேன். நினைத்த மாத்திரத்திலேயே அவை என் ஆசை ஒரு கிழமை பேசிய பேச்சின் உறவினர் என்று கண்டு வாய்மூடினேன். இரண்டும் ஒரே அளவான தீமை என்று யான் சொல்லவில்லை. நம் நாட்டில் 1963இல் தேசிய லொத்தர் சபை அமைந்தது முதல் லொத்தர் விற்பனை சந்திதோறும் நடைபெறுகின்றது. மக்கள் அதனைத் தீமையென்று எண்ணாமலே வளர்கின்றார்கள். ஆயினும் கேடு தொகையில் மாத்திரம் இருப்பதன்று. உழைப்பின்றி ஒருவருக்கு வரும் பொருள் பலருடைய இழப்பே என்பதை மறைத்து, அதனை நல்வாய்ப்பு என்று பெயரிட்டு விற்கப் பத்து வயதுப் பிள்ளைக்கு யான் கற்பித்தேன். மக்காவோ முகவரும் அதனையே செய்தார்; எம்மிருவரிடையே அளவில் வேறுபாடு பெரிது, பாடத்தில் வேறுபாடு சிறிது.

அடுத்த கூட்டத்திலே சீட்டுப் புத்தகங்களைத் திரும்பப் பெறுமாறு கேட்டேன். முன்மொழிந்தவனே மறுக்கின்றானே என்று சிலர் நகைத்தார்கள். அது எனக்குத் தகும். வாங்கியவர்க்குப் பணத்தைத் திருப்பிக்கொடுத்து, விரும்பியதைக் கொடுக்கும் நன்கொடைப் பட்டியலொன்று தொடங்கினோம். துவிச்சக்கர வண்டியை வாங்கிய விலைக்கே கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். பட்டியலிலே இதுவரை சேர்ந்த பணம் சீட்டினாற் சேர்ந்திருக்கத்தக்கதிற் பாதியும் இல்லை. கூரை வேலை பின்தள்ளப்பட்டது. மாரி வருமுன் முடியுமோ என்பது ஐயமே. மழைபெய்தால் இரண்டு வகுப்புகளை மண்டபத்துக்கு மாற்றல் வேண்டும்.

இவ்விழப்பை மறைத்து நல்வழி எப்போதும் இலாபந்தரும் என்று எழுத என் மனம் ஒருப்படவில்லை. மக்காவோவை யான் இனிக் காணாமலே போகலாம். ஆயினும் அயலூரார் தந்த சலுகையை மறுத்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தினும், என் கையால் அச்சிட்ட சீட்டைத் திரும்பப் பெற்றபோது உண்டான நாணம் எனக்குப் பெரிதும் பயன்பட்டது. உபாத்தியாய நண்பர்களே, உங்கள் பாடசாலை மேசைகளிலும் இத்தகைய புத்தகமொன்று கிடக்கலாம். பிறரை நோக்கி எழுதுமுன் அதனை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.